பழைய பசி, புதிய பருமன்

தமிழில் மெலிந்த குழந்தைக்குச் சொற்கள் ஏராளம். தாய்ப்பால் கிட்டாமல் மெலிந்தது சவலை. எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாதது நோஞ்சான். இன்னும் எலும்பும் தோலும், ஒல்லிப்பிச்சான், ஈர்க்குச்சி என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு கவலையோ ஏளனமோ இருக்கும். பருத்த குழந்தைக்கு நம் மொழி நெடுங்காலம் வைத்திருந்தவை பெரும்பாலும் செல்லச் சொற்களே. கொழுகொழு, மொழுமொழு, புஷ்டி. வீட்டுக்கு வந்தவர் குழந்தையைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தாய்க்கு உள்ளூர மகிழ்ச்சி. அவர் படியிறங்கியதும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். கண்படும் அளவுக்குச் செழித்திருப்பதே குழந்தையின் இலக்கணம். பால்மாவு விளம்பரத்திலிருந்து இறங்கிவந்த 'கிளாக்ஸோ பேபி' என்ற தொடர், அழகான குழந்தைக்கு மறுபெயராகவே சில தலைமுறைகள் நம் வீடுகளில் புழங்கியது.

இந்த ரசனையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னால் ஒரு நிலத்தின் நினைவு இருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணமும் மைசூரும் பிற பகுதிகளுமாக 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்கிட்டார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று எழுத்து மூலம் எதிர்த்து வாதாடினார். டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் அந்நாளில் எடுத்த புகைப்படங்களில் விலா எலும்புகளை எண்ணிவிடக்கூடிய குழந்தைகளை இன்றும் காணலாம். அந்தப் படங்களின் பேரப்பிள்ளைகள் நாம். கன்னம் உப்பிய குழந்தை அடுத்த பஞ்சத்தைத் தாண்டிவிடும் என்பது நம் பாட்டிமாருக்கு அனுபவ உண்மை.

அதே உப்பிய கன்னம் இன்று மருத்துவக் கவலை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் மிகைப் பருமன் உடையோர் 1990இல் 2 விழுக்காடு, அதாவது சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர். 2022இல் அது 8 விழுக்காடு, சுமார் 16 கோடிப் பேர். இந்த வயதினரில் எடை குறைந்தோரை விடப் பருமனுடையோர் உலக அளவில் அதிகமாகிவிட்டனர் என்று 2025இல் யுனிசெஃப் அறிவித்தது: 9.2 விழுக்காட்டுக்கு எதிராக 9.4. இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் உயரத்துக்கு மீறிய எடையுடையோர் 2015–16இன் தேசியக் குடும்பநல ஆய்வில் 2.1 விழுக்காடு, 2019–21இன் ஆய்வில் 3.4. அதே 2019–21 ஆய்வு, அதே வயதில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 35.5 விழுக்காடு என்றும் சொல்கிறது. ஒரே நாட்டில், சில வேளை ஒரே வீட்டில், சவலையும் பருமனும் அருகருகே உறங்குகின்றன.

இவ்விரண்டையும் எதிரெதிர்த் துருவங்களாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஒன்று இல்லாமையின் விளைவு, மற்றொன்று மிகுதியின் விளைவு. ஆகவே பருத்த குழந்தை தின்று கெட்டது என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறோம். கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் இக்கேள்வி கடந்துவந்த பாதையைப் பார்த்தால் அந்த முடிவு அவ்வளவு எளிதில் நிற்பதில்லை.

*

பாதையின் தொடக்கத்தை நியூயார்க் நகரில் வைக்கலாம். ஜெர்மனியில் 1904இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்த ஹில்டே புரூக் குழந்தை மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டை விட்டு வெளியேறி, இங்கிலாந்தில் ஓராண்டு தங்கி, 1934இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். அமெரிக்காவைப் பெருமந்தம் பீடித்திருந்த காலம். இலவச ரொட்டிக்கு வரிசைகள் நின்ற நகரத்தில், தெருவிலும் மருத்துவமனையிலும் அவர் கண்ணில் பட்ட பருத்த குழந்தைகளின் எண்ணிக்கை அவரை வியப்பில் ஆழ்த்தியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவமனையில் அவர்களை ஆராயத் தொடங்கினார்.

அக்காலத்து மருத்துவர்களிடம் பருத்த குழந்தைக்கு ஆயத்த விடை ஒன்று இருந்தது. 1901இல் வியன்னாவின் ஆல்ஃபிரட் ஃபுரோலிஷ், பிட்யூட்டரிச் சுரப்பியருகே கட்டி வளர்ந்து, உடல் பருத்து, பருவ வளர்ச்சி தடைப்பட்ட சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தார். அரிதினும் அரிதான அந்நோயின் பெயர் நாளடைவில் பருத்த சிறுவர்கள் எல்லோர் மீதும் ஒட்டப்பட்டது. 'சுரப்பிக் கோளாறு' என்று சீட்டு எழுதிச் சுரப்பிச் சாறுகளைக் கொடுப்பது வழக்கமாயிற்று. புரூக் தம்மிடம் வந்த குழந்தைகளை அளந்தார், எலும்பு வளர்ச்சியைப் பார்த்தார், பருவமாற்றங்களைக் குறித்துவைத்தார். சுரப்பி கெட்டிருந்தால் குள்ளமாக இருக்கவேண்டிய அக்குழந்தைகளில் பெரும்பாலோர் தம் வயதுக்கு உயரமாகவே இருந்தனர். பருவமும் உரிய காலத்தில், சிலருக்குச் சற்று முன்னதாகவே வந்தது. ஆகவே குற்றவாளி சுரப்பியல்ல என்று 1939இல் எழுதினார்.

பிறகு யார்? புரூக் வீடுகளுக்குள் நுழைந்தார். 1940இல் கிரேஸ் டுரேன் என்பவருடன் சேர்ந்து பருத்த குழந்தைகளின் குடும்பச் சூழலைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் கூண்டில் ஏறியவர் தாய். அளவுக்கு மீறி ஊட்டுபவள், குழந்தையைக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்பவள், அன்பு செலுத்தும் வகை தெரியாமல் உணவைக் கொடுப்பவள் என்ற சித்திரம் அதிலிருந்து பரவியது. பின்னாளில் அமெரிக்கப் பத்திரிகைகள் இச்சித்திரத்தை ஊதிப் பெருக்கின.

ஆனால் புரூக் கண்டதில் இன்னொன்றும் இருந்தது. அது அதிகம் பேசப்படவில்லை. அத்தாய்மாரில் மிகப் பலர் கடல் கடந்து குடியேறியவர்கள். தம் இளமையில் வறுமையையும் பசியையும் அறிந்தவர்கள். அவர்கள் தட்டில் இட்டது அந்தப் பழைய பசிக்கான பதில். தாது வருடத்தின் பேத்தி உப்பும் மிளகாயும் சுற்றுவதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. தாயைக் குற்றம் சாட்டியவர்கள் அவளுடைய பசியை விசாரிக்காமல் விட்டுவிட்டனர்.

*

தாய்க்கு அடுத்தபடியாகக் கூண்டில் ஏறியது குழந்தை. அதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு, பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே 1830களில் கண்டது. அவர் தேடியது சராசரி மனிதனை, நோயாளியை அல்ல. 1972இல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் அதற்கு 'உடல் நிறைக் குறியீடு' என்று பெயரிட்டபோதும் மக்கள் தொகுதிகளை ஆராய ஏற்ற கருவியாகவே அதை முன்வைத்தார். குழந்தைகளுக்கு வயதும் பாலும் சேர்ந்து இவ்வெண் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அவர்களுக்கான சர்வதேச எல்லைக்கோடுகள் 2000ஆம் ஆண்டில்தான் ஆறு நாடுகளின் தரவுகளிலிருந்து வகுக்கப்பட்டன. அந்த ஆறில் ஒன்று சிங்கப்பூர்.

சிங்கப்பூர் அதற்கு முன்பே தன் பள்ளிகளில் எடைப்பொறியை வைத்திருந்தது. 1992இல் அங்கே 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டம் தொடங்கியது. சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் உயரத்தோடு ஒப்பிட்டு நிறுக்கப்பட்டனர். எடை மிகுந்தோர் தனியே பிரிக்கப்பட்டு ஒரு குழுவில் சேர்க்கப்பட்டனர். பள்ளிக்கு முன்போ பின்போ இடைவேளையிலோ அவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி. பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளின் உணவும் திருத்தப்பட்டது. புள்ளிவிவரம் சாதகமாகவே இருந்தது. 1992க்கும் 2000க்கும் இடையே 11–12 வயதினரில் பருமன் 16.6 விழுக்காட்டிலிருந்து 14.6க்கும், 15–16 வயதினரில் 15.5இலிருந்து 13.1க்கும் இறங்கியது. உலகெங்கும் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாட்டில் இறங்கியது சிறிய செய்தியன்று. மருத்துவ இதழ்கள் அதைக் கவனித்தன.

பிள்ளைகள் கவனித்தது வேறு. திட்டத்தின் ஆங்கில முதலெழுத்துகள் மூன்று. அவற்றைத் திருப்பி வாசித்தால் 'ஃபேட்' என்று வரும். கொழுப்பு, குண்டு என்று பொருள். எந்தப் பள்ளிச் சிறுவனுக்கும் இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். சக மாணவர் சாப்பிடும் நேரத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடிய பிள்ளைகள் கேலிக்கு ஆளாயினர். இந்த முத்திரை குத்தல் குறித்து எழுந்த கண்டனங்களுக்குப் பின் 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவரையும் உள்ளடக்கிய பொதுவான உடல்நலத் திட்டம் வந்தது. எண்ணிக்கையில் இரண்டு விழுக்காடு குறைந்தது உண்மை. அதற்கான விலையைக் குழந்தைகள் தம் வெட்கத்தால் கொடுத்ததும் உண்மை. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுக்கும் பொறியை இதுவரை எவரும் செய்யவில்லை.

அந்தத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, குழந்தையின் மனக்கட்டுப்பாடுதான் எல்லாம் என்ற நம்பிக்கைக்கு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு பதில் வந்தது. பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களைச் சேர்ந்த, ஒன்றுவிட்ட உறவினரான இரு குழந்தைகள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. எப்போதும் பசி, எவ்வளவு உண்டாலும் தீராத பசி. 1997இல் ஸ்டீஃபன் ஓராஹிலி, சதாஃப் ஃபரூக்கி முதலிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டனர். 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் அக்குழந்தைகளின் உடலில் உருவாகவே இல்லை. அச்சிறுமிக்கு அந்த ஹார்மோன் ஊசியாகச் செலுத்தப்பட்டது. ஓராண்டில் அவள் 16 கிலோவுக்கு மேல் இறங்கினாள். அவளுடைய மனஉறுதி ஒரே இரவில் வளர்ந்துவிடவில்லை. பசி அடங்கியது, அவ்வளவுதான்.

இத்தகைய முழுமையான மரபணுக் குறைபாடு மிக அரிது. பருத்த குழந்தைகள் எல்லோருக்கும் இதைப் பொருத்தினால் ஃபுரோலிஷ் காலத்துப் பிழையையே மீண்டும் செய்தவர்களாவோம். ஆனால் ஒரு பாடத்தை இதிலிருந்து பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். பசி என்பது ஒழுக்கத்தின் கேள்வியாக இருப்பதற்கு முன் உடலின் கேள்வியாக இருக்கிறது.

*

உடலின் பசிக்கு நினைவு உண்டா? இக்கேள்விக்கான விடை, ஒன்றையொன்று அறியாத இரண்டு இடங்களில், ஏறத்தாழ ஒரே குளிர்காலத்தில் எழுதப்பட்டது.

முதல் இடம் அமெரிக்காவின் மின்னசோட்டா. உடல் நிறைக் குறியீட்டுக்குப் பெயரிட்ட அதே ஆன்செல் கீஸ், போரில் பங்கேற்க மறுத்த 36 இளைஞர்களைக் கொண்டு 1944 நவம்பரில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போர் முடிந்தபின் பட்டினி கிடந்த ஐரோப்பாவுக்கு எப்படிச் சோறிடுவது என்று அறிவதே நோக்கம். அவ்விளைஞர்கள் ஆறு மாத காலம் அரைப்பட்டினி கிடந்தனர். பிறகு உணவு திரும்பியபோது அவர்கள் உடலில் முதலில் மீண்டது தசையன்று, கொழுப்பு. அதுவும் பழைய அளவோடு நிற்காமல் அதைத் தாண்டிச் சென்றது. பசியை ஒருமுறை கண்ட உடல், அடுத்த பசிக்கெனச் சேமித்தது.

இரண்டாவது இடம் நெதர்லாந்து. அங்கே அது பரிசோதனையன்று, தண்டனை. 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகளுக்குத் துணையாக ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர் பதிலுக்கு நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். கால்வாய்கள் உறைந்தன. ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் பங்கீட்டு உணவு நவம்பர் இறுதியில் நாளொன்றுக்கு 1000 கலோரிக்குக் கீழே போனது. பின்னர் 400க்கும் 800க்கும் இடையே தள்ளாடியது. மக்கள் சர்க்கரைக் கிழங்கையும் டியூலிப் பூக்கிழங்கையும் வேகவைத்துத் தின்றனர். 20,000 பேருக்குக் குறையாமல் மாண்டனர். 1945 மே மாதம் விடுதலை வந்தது. உணவும் விரைவில் வந்தது.

பஞ்சங்கள் பொதுவாக மெல்ல வந்து மெல்லப் போகும். இது கதவு அடைத்துத் திறந்ததுபோல் வந்து போனது. ஆகவே எந்தக் குழந்தை கருவில் எத்தனையாவது மாதத்தில் பட்டினி கிடந்தது என்று பிறந்த தேதியைக் கொண்டே சொல்லிவிட முடிந்தது. இதை உணர்ந்தவர்கள் ஸீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் என்ற தம்பதியர். தென்னாப்பிரிக்காவின் இனவெறி ஆட்சியை எதிர்த்து அங்கிருந்து வெளியேறி, புரூக் பணியாற்றிய அதே கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். நெதர்லாந்தில் ஆண்கள் எல்லோரும் 19 வயதில் ராணுவ மருத்துவச் சோதனைக்கு வரவேண்டும். அந்த ஏடுகளில் 3 லட்சம் இளைஞர்களின் உயரமும் எடையும் இருந்தன. 1976இல் ஜி. பி. ராவெல்லியுடன் சேர்ந்து அவர்கள் வெளியிட்ட முடிவு இதுதான்: தாயின் வயிற்றில் முதல் பாதிக் காலத்தில் பட்டினியைக் கண்டவர்களிடையே 19 வயதில் பருமன் அதிகம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிறந்த முதல் மாதங்களிலும் பட்டினியைக் கண்டவர்களிடையே அது குறைவு.

கரு உருவாகும் முதல் மாதங்களில் உடல் தன் வருங்கால உலகம் எப்படிப்பட்டது என்று கணிக்கிறது என்பது பிற்காலத்தவர் தந்த விளக்கம். வறண்ட உலகம் என்று கணித்துக் கிடைத்ததை இறுகப் பற்றும் உடலாகத் தன்னை அமைத்துக்கொள்கிறது. பிறந்தபின் உலகம் உண்மையிலேயே வறண்டிருந்தால் அந்த அமைப்பு அதைக் காப்பாற்றும். உலகம் திடீரென்று செழித்துவிட்டால் அதே அமைப்பு சுமையாகும். லெனின்கிராட் இதற்கு ஒரு மறுபக்கச் சான்று. 1941 முதல் 1944 வரை 872 நாள் முற்றுகையில் கருவிலிருந்தவர்களை 1997இல் ஆராய்ந்தபோது, கருவில் கண்ட பட்டினிக்கும் பிற்கால ரத்தச் சர்க்கரைக் கோளாறுக்கும் தொடர்பு தென்படவில்லை. அங்கே முற்றுகைக்குப் பின்னும் நெடுங்காலம் பற்றாக்குறையே நீடித்தது. நெதர்லாந்தில் போல் திடீர்ச் செழிப்பு வரவில்லை. கேடு பசியில் மட்டுமோ செழிப்பில் மட்டுமோ இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும் வேகத்தில் இருக்கிறது என்று கருத இது இடந்தருகிறது.

*

ஒரே தலைமுறையில் பற்றாக்குறையிலிருந்து செழிப்புக்குப் பாய்ந்துகொண்டிருக்கும் நாடு நம்முடையது. ஆகவே இக்கேள்வி இந்தியாவுக்கு வந்தது இயல்பே. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், கருவளர்ச்சிக்கும் பிற்கால நோய்க்குமான தொடர்பை முன்வைத்த இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் குழுவினருடன் இணைந்து, 1993இல் புனே அருகே ஆறு கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். கர்ப்பத்துக்கு முன் அத்தாய்மாரின் சராசரி எடை 42 கிலோவை ஒட்டியிருந்தது. வயல் வேலையும் வீட்டு வேலையும் நிறைமாதம் வரை ஓயாதவர்கள்.

அவர்கள் பெற்ற குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரக் குழந்தைகளின் எடையோ 3.5 கிலோ. எடை குறைவு என்பது புதிய செய்தியன்று. ஆனால் எங்கே குறைந்திருந்தது என்பதுதான் செய்தி. தசை மிகக் குறைவு, வயிற்றுள் உறுப்புகளின் அளவும் குறைவு. தோலுக்கடியில் இருந்த கொழுப்பு மட்டும் ஏறத்தாழக் குறையாமல் இருந்தது. 2003இல் யாக்னிக் குழுவினர் இதை 'மெலிந்த பருமன்' உடைய குழந்தை என்று வருணித்தனர். பார்வைக்குச் சவலை, உள்ளே பருமன். நம் மொழி எதிரெதிராக நிறுத்தியிருந்த இரு சொற்களும் ஒரே தொட்டிலில் கிடந்தன.

இதை விளக்க யாக்னிக் தம் உடலையே சான்றாக்கினார். 2004இல் 'லான்செட்' இதழில் அவரும் லண்டனின் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளியாயிற்று. இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. ஆனால் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கினுடையது 21.2. எடைப்பொறி இருவரையும் ஒன்றென்றது. சிங்கப்பூரில் பிள்ளைகளைப் பிரித்து நிறுத்தியதும் எடையும் உயரமும்தாம் என்பதை இங்கு நினைத்துக்கொள்கிறோம்.

கருவிலேயே இப்படிச் சேமிப்பு மனத்தோடு வந்த உடலுக்கு நாம் எப்படிப்பட்ட ஊரைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம்? சென்னையில் 13 முதல் 18 வயதுக்குட்பட்ட சுமார் 4,700 பள்ளி மாணவரை ஆராய்ந்து அ. ராமச்சந்திரன் குழுவினர் 2002இல் வெளியிட்ட முடிவில், மிகை எடையுள்ள பையன்கள் 17.8 விழுக்காடு, பெண்கள் 15.8 விழுக்காடு. வசதி மிகுந்த வீட்டுப் பிள்ளைகளிடமும் உடலுழைப்பும் விளையாட்டும் குறைந்தவர்களிடமும் அது அதிகம். பணக்கார நாடுகளில் பருமன் இன்று ஏழைகளிடமே மிகுதி. அங்கே மலிவான உணவுதான் மிகக் கொழுத்த உணவு. நம்மிடம் அது வசதியுள்ளவர் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது. ஆனால் சர்க்கரையும் எண்ணெயும் உப்பும் நிறைந்த பொட்டலம் ஐந்து ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் தொங்கத் தொடங்கியபின் அது வாசல் பார்த்து நிற்கப் போவதில்லை. மனைகளாகிப்போன மைதானங்கள், சைக்கிள் ஓட்ட அஞ்சும் சாலைகள், விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்ளும் பள்ளிகள், கையில் திரை, குறைந்த உறக்கம். ஆய்வாளர்கள் அடுக்கும் ஆபத்துக் காரணிகள் பலவும் இவையே. கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் நீரிழிவு குழந்தையின் பிற்காலப் பருமனுக்கு வழிகோலும் என்பதும் அப்பட்டியலில் உண்டு. இவற்றில் எதையும் ஏழு வயதுக் குழந்தை தேர்ந்தெடுக்கவில்லை.

இந்த இடத்தில், வயிறாரச் சோறிடுவதே தவறோ என்ற ஐயம் சிலருக்கு எழலாம். பருமன் பெருகும் காலத்தில் பள்ளியில் இலவச உணவு எதற்கு என்று கேட்போரும் உண்டு. வரலாறு தரும் விடை நேர்மாறானது. 1920இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியினர் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் மாநிலமெங்கும் கொண்டுசென்றது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தது, 2022இல் தொடங்கிய காலை உணவு ஆகிய யாவும் பசியை ஒழிக்கும் முயற்சிகள் மட்டுமல்ல. வளர்ந்து தாயாகப் போகும் சிறுமியின் தட்டு, அவள் பெறப்போகும் குழந்தையின் தசையையும் கொழுப்பையும் தீர்மானிக்கிறது என்றால், பருமனைத் தடுக்கும் முதல் மருந்தும் அந்தத் தட்டுதான். 1987இல் தொடங்கிய, இன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கிய மகப்பேறு உதவித் திட்டத்தையும் அதே வரிசையில் வைக்கவேண்டும்.

போதுமான உணவுக்கும் மிகையான இனிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இன்னொரு போர்க்காலப் பங்கீடு தெளிவாக்கியது. பிரிட்டனில் உலகப்போர் நாளில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில்தான் முடிந்தது. அதற்குப் பிறகு மக்களின் சர்க்கரை நுகர்வு ஏறத்தாழ இருமடங்காயிற்று. நெதர்லாந்தைப் போல் அங்கே பட்டினி இல்லை. அளவு மட்டும் இருந்தது. கருவிலும் முதல் ஈராண்டுகளிலும் அந்த அளவான காலத்தைக் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2024இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு சொல்கிறது. எந்தக் குழந்தையையும் தனியே நிறுத்தவில்லை, எவரையும் கேலி செய்யவில்லை. நாடு முழுவதும் ஒரே அளவில் உண்டது.

அளவை நாட்டுக்கு வகுப்பதா, குழந்தைக்கு வகுப்பதா என்பதுதான் இந்த நீண்ட வழக்கில் மிஞ்சி நிற்கும் கேள்வி. நம் நாட்டிலும் சில அசைவுகள் தெரிகின்றன. பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக்கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகைகளைப் பள்ளிகளில் வைக்குமாறு 2025இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சொன்னது. பலகை நல்லது. ஆனால் பலகையைப் படித்துத் திருந்தவேண்டிய பொறுப்பு மறுபடியும் குழந்தையின் தலையிலேயே விழுகிறது. ஐம்பது மீட்டர் விதி அப்படியல்ல. அது கடைக்குச் சொல்லப்பட்டது. அது எத்தனை பள்ளி வாசல்களில் நடப்பில் இருக்கிறது என்பதை நம் தெருமுனைக்குச் சென்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

சுரப்பி, தாய், குழந்தையின் நாக்கு என்று கூண்டில் ஒவ்வொருவராக ஏற்றிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் ஏறியவருக்குப் பின்னால் வேறொருவர் நின்றிருந்தார்: கப்பலில் வந்திறங்கிய பசித்த பெண், ஆம்ஸ்டர்டாமின் கர்ப்பிணி, புனே வயலில் நிறைமாதத்தில் களையெடுத்தவள். நம் வகுப்பறைகளில் 'குண்டு' என்றும் 'பூசணி' என்றும் அழைக்கப்படும் பிள்ளைக்குப் பின்னாலும் அப்படி ஒரு பாட்டி நிற்கக்கூடும். அப்பிள்ளையை எடைப்பொறியில் ஏற்றுவதற்கு முன், அந்தப் பாட்டி எட்டாம் மாதத்தில் என்ன உண்டாள் என்றும், அவன் தெருவில் ஓடி விளையாட இடம் இருக்கிறதா என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். கேட்கத் தொடங்கினால் அந்தப் பட்டப்பெயர் நம் நாவில் அத்தனை எளிதாக வராது.